காம்பினேஷன் மைக்ரோவேவ் ஓவன் உங்களுக்குத் தேவையா? பழுது பார்க்கும் மேசையிலிருந்து சில குறிப்புகள்

பழுதென்று என் மேசைக்கு வரும் காம்பினேஷன் மைக்ரோவேவ் ஓவனின் வெளிக்கூட்டைக் கழற்றியதும், கோளாறு எங்கே என்று தேடுவதற்கு முன்பாக அதன் பின்சுவரை ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். அங்கே மின்விசிறியைச் சுற்றி வளையமாக, சுடும்போது மட்டும் காயும் ஒரு ஹீட்டர் காயில் இருக்கும். வாரந்தோறும் வேலை செய்த காயில் மங்கிக் கறுத்திருக்கும். அதை ஒட்டிய தகடு நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, எண்ணெய்ப் பிசுக்கு கருகிப் படிந்திருக்கும். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய இயந்திரங்களில்கூட அந்தக் காயில் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய பளபளப்போடு இருப்பதையே நான் அதிகம் பார்க்கிறேன். சூடாக்குவது, கிரில் செய்வது, கேக் சுடுவது என மூன்று இயந்திரங்களின் வேலையைச் செய்யும் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள், ஆறிப்போன உணவைச் சூடாக்குவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்த இயந்திரத்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று. சரியான வீட்டில் இருந்தால் இது மிகவும் பயனுள்ள கருவி. யாருக்கு அது சரியான கருவி என்பதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

மைக்ரோவேவ் ஓவனின் இதயம் மேக்னட்ரான் என்னும் குழல். அது 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வெளியிடும் அலைகள் உணவுக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரை சென்று, அங்குள்ள நீர் மூலக்கூறுகளை அலைக்கழித்துச் சூட்டை உண்டாக்குகின்றன. உணவில் ஈரம் இருக்கும்வரை வெப்பநிலை ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் மேற்பரப்பு பொன்னிறமாகி மொறுமொறுப்படைய 140 டிகிரிக்கு மேல் வேண்டும். 1947ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோவேவ் ஓவன் ஆளுயரத்தில், ஏறக்குறைய 340 கிலோ எடையில் இருந்தது. உருவம் எத்தனையோ மடங்கு சுருங்கிவிட்டாலும், நிறமும் மொறுமொறுப்பும் வராத குறை மட்டும் அப்படியே தொடர்ந்தது. அதை ஈடுசெய்யவே மேலிருந்து நேரடியாகச் சுடும் கிரில்லும், பின்னாலிருந்து விசிறி மூலம் வெந்த காற்றைச் சுழலவிடும் கன்வெக்ஷனும் அதே பெட்டிக்குள் சேர்ந்தன.

மூன்றும் ஒரே பெட்டியில் இருப்பது மட்டும் காம்பினேஷன் ஆகிவிடாது. அலையும் வெப்பமும் ஒரே சமையலில் சேர்ந்தோ, மாறி மாறியோ இயங்க வேண்டும். அப்போதுதான் உள்பகுதி அலையால் விரைவாக வெந்துகொண்டிருக்க, வெளிப்பகுதி வெந்த காற்றால் நிறம் பெறும். ஒரு முழுக்கோழியோ பெரிய உருளைக்கிழங்குகளோ சாதாரண ஓவனைவிட மிகக் குறைந்த நேரத்தில் தயாராகும். இந்த இயந்திரத்தின் உண்மையான சிறப்பு இதுதான். கிரில் மட்டும் உள்ள, வெந்த காற்று விசிறியே இல்லாத மாடல்களையும் ‘காம்பி’ என்று சொல்லி விற்பதுண்டு. ஆகவே பெயரை விட்டுவிட்டு, கையேட்டில் ‘மைக்ரோவேவும் கன்வெக்ஷனும் சேர்ந்து’ என்று தனி இயக்கம் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இனி அதன் எல்லைகளைப் பார்ப்போம். மேசைமேல் வைக்கும் பெரும்பாலான மாடல்களில் அடிப்பக்கத்தில் ஹீட்டர் கிடையாது. அதனால் ரொட்டியின் மேற்புறம் நன்றாகச் சிவந்திருக்கும்போது அடிப்புறம் வெளிறி, சற்று ஈரமாகவே நிற்கும். வெப்பநிலையும் பல மாடல்களில் 200 முதல் 230 டிகிரிக்குள் நின்றுவிடும். தட்டு சுழல வேண்டியிருப்பதால் நீண்ட சதுரத் தட்டுகள் மூலையில் இடித்து நிற்கும். ஒரே அடுக்கில்தான் சுட முடியும். அடிக்கடி ரொட்டியோ பிஸ்கட்டோ சுடுபவருக்கு, மேலும் கீழும் காயில் உள்ள ஒரு தனி ஓவன் இதைவிட நிறைவான பலனைத் தரும் என்பதே என் அனுபவம்.

வாங்கும்போது யாரும் யோசிக்காத இன்னொரு சிக்கலும் உண்டு. கேக் முக்கால் மணி நேரம் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது ஒரு குவளைப் பாலைச் சூடாக்க வேண்டுமென்றால், அந்தப் பால் காத்திருக்கத்தான் வேண்டும். கேக்கை எடுத்த பிறகும் உட்சுவர் சூடாகவே இருக்கும் என்பதால், பிளாஸ்டிக் பாத்திரத்தை உடனே உள்ளே வைக்க முடியாது. இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும் சமையலறைக்கு ஒற்றைப் பெட்டி ஒரு நெருக்கடியாகவே முடியும்.

பாத்திரக் குழப்பம்தான் என்னிடம் வரும் பழுதுகளுக்குப் பெரிய காரணம். உலோகத் தட்டு கன்வெக்ஷனுக்குப் பொருந்தும், மைக்ரோவேவுக்கு ஆகாது. மைக்ரோவேவுக்கு ஏற்றதென்று முத்திரையிட்ட பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பா அலைக்குப் பொருந்தும், ஆனால் ஏறக்குறைய 160 டிகிரியில் உருகிவிடும் என்பதால் கன்வெக்ஷனிலோ கிரில்லிலோ வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்த இயக்கத்துக்கு, கையேடு வேறு எதையும் அனுமதிக்காவிட்டால், வெப்பம் தாங்கும் கண்ணாடியும் பீங்கானும் மட்டுமே. ஒரே கதவு, ஒரே பொத்தான் பலகை, மூன்று வெவ்வேறு விதிகள். வீட்டில் சமைப்பவர் ஒருவர் என்றால் பழகிவிடும். நான்கு பேர் நான்கு நேரத்தில் கதவைத் திறக்கும் வீட்டில், முந்தைய நாள் கிரில்லுக்காக வைத்த கம்பி நிலைத்தட்டை யாரோ ஒருவர் எடுக்க மறந்து மைக்ரோவேவை ஓடவிட்டுவிடுவார்.

அப்படி வந்த ஓர் இயந்திரம் இப்போதும் கண்முன் நிற்கிறது. உட்புற வலச்சுவரில் அலை நுழையும் வாயிலை மூடியிருக்கும் மைக்கா தகட்டில் நாணயம் அளவுக்கு ஒரு கருந்துளை. அதைச் சுற்றி இறகு வடிவத்தில் கரிக்கோடுகள். தகட்டை எடுத்துப் பார்த்தால் மேக்னட்ரானின் முனைத்தொப்பியும் பொசுங்கியிருந்தது. மைக்கா தகடு கத்தரிக்கோலால் வெட்டிப் பொருத்திவிடக்கூடிய எளிய பொருள். தெறித்த எண்ணெயை வாரம் ஒருமுறை துடைத்தாலே அது பல ஆண்டுகள் நிற்கும். துடைக்காமல் விட்ட பிசுக்கு கரியாகி, அந்தக் கரி அலையை உறிஞ்சிப் பொறி பறக்கத் தொடங்கிய பிறகும் ஓடவிட்டால், செலவு தகட்டோடு நிற்காமல் மேக்னட்ரான்வரை போகும். கிரில்லும் கன்வெக்ஷனும் உள்ள பெட்டியில் கொழுப்பு தெறிப்பதும் சுவரில் சுடுபட்டு ஒட்டுவதும் அதிகம் என்பதால், இந்தத் துடைக்கும் வேலையைத் தள்ளிப்போட முடியாது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. பெட்டியின் முகப்பில் 900 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போய்ச்சேரும் ஆற்றல். அதற்காகச் சுவரிலிருந்து இழுக்கப்படுவது ஏறக்குறைய 1400 வாட். கன்வெக்ஷன் இயங்கும்போது பல மாடல்கள் 2000 வாட்டையும் தாண்டுகின்றன. 230 வோல்ட் மின்சாரத்தில் 2200 வாட் என்றால் ஒன்பதரை ஆம்பியர். அதுவும் சில நிமிடங்களல்ல, சுட்டு முடியும்வரை. ஒல்லியான நீட்டிப்பு வயர்களும், வேறு பல பிளக்குகள் செருகிய பலகைகளும் இதைத் தாங்காது. உருகிய பிளக்கோடு வந்த இயந்திரங்களை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எர்த் இணைப்புள்ள, உரிய திறன் கொண்ட தனி சாக்கெட் சமையலறையில் இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னாலும் பக்கங்களிலும் மேலேயும் கையேடு கேட்கும் காற்று இடைவெளியை விட்டால் அந்த இடத்தில் பெட்டி அடங்குமா என்பதையும் அளந்துவிட வேண்டும். கன்வெக்ஷன் இயந்திரத்தின் ஆழம் சாதாரண மைக்ரோவேவைவிட அதிகம். அளக்காமல் வாங்கியவர்கள் அதைச் சுவரோடு ஒட்டி வைத்து, உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் பலகையை வெப்பத்தில் வாட்டுகிறார்கள்.

எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதன் மறுபக்கம் பழுதின்போது தெரியும். ஒரே பலகை மூன்று இயக்கங்களையும் ஆள்வதால், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒன்று ஒட்டிக்கொண்டாலோ, வெதுவெதுப்பைத் தேடிப் பலகைக்குள் குடியேறிய கரப்பான்பூச்சி ஒன்று இரண்டு முனைகளை இணைத்துவிட்டாலோ, சூடாக்குவதும் சுடுவதும் ஒன்றாக நின்றுபோகும். எதுவாக இருந்தாலும் வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம். மேக்னட்ரானுக்குப் போகும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். இத்தனை ஆண்டு பழக்கத்துக்குப் பிறகும் அதை டிஸ்சார்ஜ் செய்யாமல் நான் கையை உள்ளே விடுவதில்லை.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தோடு கேட்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. இந்த அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். கதவுக் கண்ணாடியில் உள்ள வலையின் துளைகள் அதைவிட மிகச் சிறியவை என்பதால் அலை வெளியே கசிவது மிகமிகக் குறைவு. பயன்பாட்டில் உள்ள ஓவனிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது பரவலான பாதுகாப்பு வரம்பு. கதவு வளைந்திருந்தாலோ, கொக்கி உடைந்திருந்தாலோ, கதவின் ஓரம் கருகியிருந்தாலோ மட்டும் சரிசெய்யும்வரை அதை ஓட்டக் கூடாது.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா தம் பழைய இயந்திரத்தைக் கொண்டுவந்து, “இதைச் சரிசெய்வதா, இன்னும் பெரிய காம்பினேஷனாக ஒன்று வாங்குவதா, நீங்களே சொல்லுங்கள்” என்றார். கூட்டைக் கழற்றி அந்த வளையக் காயிலைக் காட்டினேன். அதில் ஒரு கறைகூட இல்லை. “கேக் செய்யலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன், இரண்டு முறை செய்தேன்” என்று சிரித்துவிட்டார். அவருக்கு வேண்டியது சீராகச் சூடாக்கும் ஒரு சாதாரண மைக்ரோவேவ். ஆற்றலைக் குறைத்து வைக்கும்போது பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை, முழு ஆற்றலில் எரிந்தும் அணைந்தும் ஓடும். இன்வெர்ட்டர் வகை குறைந்த ஆற்றலைத் தொடர்ச்சியாகவே தரும், உறைந்த உணவின் ஓரம் வெந்துபோகாமல் உருக்கும். கூடுதல் பணத்தை அதற்குச் செலவிடச் சொன்னேன்.

இதற்கு நேர்மாறாக, ஒரு பெட்டிக்கு மட்டுமே மேடையில் இடமிருக்கும் சிறிய சமையலறையில், ஓரிருவருக்குச் சமைத்து, மாதத்தில் நான்கைந்து முறையாவது எதையேனும் சுடுபவருக்கு நான் தயங்காமல் காம்பினேஷனையே பரிந்துரைப்பேன். ஏற்கெனவே நல்ல ஓவன் வைத்திருப்பவர் இதை வாங்குவதில் பொருளில்லை. ‘வாங்கினால் சுடக் கற்றுக்கொள்வேன்’ என்பவர் முதலில் ஒருவரிடம் ஓவனை இரவல் கேட்டு நான்கு வாரம் சுட்டுப் பார்க்கலாம்.

வாங்கிய பிறகு, திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. கண்ணாடிக் குடுவையில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்து, வெப்பமானியால் அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு ஆற்றலில் 60 வினாடி ஓட்டி, நன்றாகக் கலக்கி மீண்டும் அளவெடுங்கள். ஏறிய டிகிரியை 70ஆல் பெருக்கினால் உணவுக்குச் சேரும் வாட் ஏறத்தாழக் கிடைக்கும். 900 வாட் இயந்திரத்தில் 13 டிகிரியை ஒட்டி ஏற வேண்டும். குடுவையும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பதால் ஒரு டிகிரி குறைந்தால் கவலையில்லை. எட்டு அல்லது ஒன்பதுதான் ஏறுகிறதென்றால், மின்னழுத்தம் சரியாக இருக்கும் நேரத்தில் மறுபடியும் ஒருமுறை சோதித்துவிட்டு, அப்போதும் அதே எண் வந்தால் இயந்திரத்தைக் கடைக்கே திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.