ஜவ்வரிசிப் பனையாம்!

போன வாரம் ஒரு நர்சரியில் ஓர் அம்மா தொட்டிச் செடியைக் காட்டி, "இதுலேர்ந்துதான் ஜவ்வரிசி எடுப்பாங்களா?" என்று கேட்டார். பலகையில் 'ஜவ்வரிசிப் பனை' என்று எழுதி வைத்தால் வேறென்ன கேட்பார்? கடைக்காரரும் ஆமாம் என்றுவிட்டார்.

அது சைக்கஸ். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். ஒருவகைப் பனையைக் குறித்த 'கொய்கஸ்' என்ற கிரேக்கச் சொல்லை ஏடு படியெடுத்தவர்கள் பிழையாக எழுதியதில் பிறந்தது. பனைக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஆனால் இது பனையே இல்லை. பனை பூக்கும், சைக்கஸ் பூக்காது. ஆண் செடியில் கூம்பு, பெண் செடியில் மூடாத விதை. புதுக் குருத்து விடும்போது குனிந்து பாருங்கள், ஓலையெல்லாம் வட்டமாக ஒரே நேரத்தில் கிளம்பும், சிற்றிலை ஒவ்வொன்றும் பெரணித் தளிர் மாதிரி சுருண்டிருக்கும். எந்தப் பனையில் இப்படி?

சரி, ஜவ்வரிசி? நம் ஜவ்வரிசி சேலத்துப் பக்கம் மரவள்ளிக் கிழங்கில் செய்வது. அதற்கு முந்தைய சாகோ என்ற மாவு தென்கிழக்காசியாவின் நிஜமான ஒரு பனையிலிருந்து வருவது. சைக்கஸ் தண்டிலும் மாவு உண்டு, அதனால்தான் ஆங்கிலத்தில் 'சாகோ பனை' என்ற கடைப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கூடவே சைக்காசின் என்ற நஞ்சும் உண்டு. 1920களின் பஞ்சத்தில் ஜப்பானின் ஒகினாவா தீவில் நஞ்சைச் சரியாக நீக்காமல் தின்று செத்தவர்கள் உண்டு, அந்தக் காலத்தையே அங்கே 'சைக்கஸ் நரகம்' என்கிறார்கள். விதையைக் கடித்த நாய்க்கு ஈரல் கெட்டு உயிரே போகலாம். இதற்குப் போய் தின்பண்டத்தின் பெயரா? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், செடியைப் பார்ப்பதில்லை.

சிலர் சைக்கஸை 'ஈந்து' என்கிறார்கள். மலையாளத்தில் சரி, தமிழில் ஈந்து என்றால் ஈச்சை.

நமக்கே ஒரு சொல் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று கேட்டால் தருவார்களே, அது மேற்குத் தொடர்ச்சி மலைச் சைக்கஸின் ஆண் கூம்புதான். பூ இல்லை என்பதால் 'பூ'வை விட்டுவிட்டு மதனகாமம் என்போம். தொட்டியில் விற்கும் குட்டை இனம் ஜப்பான் மதனகாமம். வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், இது இந்தச் செடியோடு பிறந்து புழங்கும் சொல். பிடிக்காதவர்கள் சைக்கஸ் என்றே எழுதுங்கள், தப்பில்லை.

அப்புறம், பனைதானே என்று தென்னைக்கு ஊற்றுகிற மாதிரி தினமும் தண்ணீர் ஊற்றி, தண்டை அழுகவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

கடைக்காரரிடம் பலகையை மாற்றச் சொல்லியிருக்கிறேன். பெயரை மாற்ற மனமில்லை என்றால் கீழே 'விதை நஞ்சு' என்றாவது எழுதுங்கள் என்றேன்.