பிக், லார்ஜ், கிரேட்: மூன்றும் ‘பெரிய’ தானா?

ஆங்கிலம் கற்கத் தொடங்கியவுடன் வந்துவிடும் சொற்களில் ஒன்று ‘பிக்’. ‘பெரிய’ என்று பொருள் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். பிறகு ‘லார்ஜ்’ வருகிறது; அதற்கும் பெரிய. அப்புறம் ‘கிரேட்’; அதற்கும் பெரியதான். தடுமாற்றம் இங்கேதான் பிறக்கிறது.

‘பிக்’ முதலில் அளவைக் குறித்த சொல்லே அல்ல. 1300ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது அதற்கு ‘வலிமை மிக்க’ என்பதே பொருள். ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியாக வந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. உருவ அளவு என்ற பொருள் பின்னால் ஏறிக்கொண்டது. ‘லார்ஜ்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மூலப் பொருள் ‘தாராளமான’. பிரெஞ்சில் இன்று அதற்கு ‘அகலமான’ என்று பொருள். ‘கிரேட்’ பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மன் மொழியின் ‘குரோஸ்’ அதன் உறவு.

பிறந்த வழி வேறு என்பதால் பழகும் இடமும் வேறு. ‘பிக்’ பேச்சுக்கு நெருக்கமானது. வீடு, நாய் போன்ற பொருள்களோடு, முடிவு, பிழை போன்றவற்றையும் அது தாங்கும். ‘பிக் மிஸ்டேக்’ என்பார்கள், ‘லார்ஜ் மிஸ்டேக்’ என்பதில்லை. எண்ணிக்கை, அளவு என்று வந்தால் ‘லார்ஜ்’ முன்னால் நிற்கும். பொறுமை, மரியாதை போன்ற எண்ண முடியாதவற்றுக்கு ‘கிரேட்’. அண்ணனை ‘பிக் பிரதர்’ என்பது நமக்கு எளிதில் பிடிபடும். பெரியப்பா, பெரியம்மா என்னும்போது நாமும் உயரத்தையா சொல்கிறோம்? ஆனால் பெருமழைக்கு ‘பிக் ரெயின்’ பொருந்தாது, ‘ஹெவி’ வேண்டும். பெருஞ்சத்தத்துக்கு ‘லவுட்’.

இலக்கணத்தில் ஓர் இடம் கவனிக்க வேண்டியது. தமிழில் ‘பெரிய வீடு’ சரி. ‘வீடு பெரிய’ என்று முடிக்க முடியாது, ‘பெரியது’ என்றாக வேண்டும். ‘பிக்’ இரண்டு இடத்திலும் மாறாமல் நிற்கும். அதனால் ‘தி ஹவுஸ் இஸ் பிக்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடுவே ‘எ’ நுழைந்தால் பிழை. ஒப்பிடும்போது தமிழில் ‘விட’ வந்தால் போதும், ‘பெரிய’ வடிவம் மாறாது. ஆங்கிலத்தில் சொல்லே ‘பிக்கர்’, ‘பிக்கஸ்ட்’ என்று மாறும். ‘பிக்கர்’ என்றான பிறகு ‘மோர்’ சேர்க்கக் கூடாது.

சரி, தமிழில் இதற்கு நிகர் எது? என்னைக் கேட்டால், ‘பெரிய’ என்ற ஒற்றை விடையோடு நிற்பது நம் மொழிக்கு நாமே செய்யும் குறை. ‘பெரு’ என்ற அடியைப் பாருங்கள். ‘பிக் பேங்’ பெருவெடிப்பு ஆனது. ‘லார்ஜ் இன்டஸ்டைன்’ பெருங்குடல். சீனாவின் ‘கிரேட் வால்’ பெருஞ்சுவர். ஆங்கிலம் மூன்று சொல்லால் சொன்னதைத் தமிழ் ஒரே அடியால் சொல்லிவிட்டது. உயிரெழுத்து தொடர்ந்தால் அதுவே ‘பேர்’ ஆகும்: பேரரசு, பேரண்டம். தினமும் ஏறி இறங்கும் பேருந்துகூட பேர் + உந்து தான்.

‘பெரிய’ ஒன்றை வருணிக்கும். ‘பெரு’ அதற்குப் பெயராகவே ஆகிவிடும். ‘பெரிய குடல்’ என்றால் அளவில் பெரிதாக இருக்கும் ஏதோ ஒரு குடல். பெருங்குடல் என்றால் அந்த உறுப்பு. ‘பிக் டேட்டா’வுக்குப் ‘பெரிய தரவு’ என்று எழுதுவதைவிடப் ‘பெருந்தரவு’ பொருத்தமாக இருப்பது இதனால்தான்.

மிகுதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டுமே வேண்டாம். ‘பெரிய நன்றி’ என்று இப்போது எழுதுகிறார்கள்; ‘மிக்க நன்றி’ இருக்கிறதே! ‘பெரிய மரியாதை வைத்திருக்கிறேன்’ என்பதைவிட ‘மிகுந்த மரியாதை’ இயல்பு. தொல்காப்பியத்தில் சொற்களின் பொருளைச் சொல்லும் உரியியலோ தட, கய, நளி ஆகிய மூன்று சொற்களுக்கும் பெருமை, அதாவது பெரிதாக இருத்தல், என்றே பொருள் சொல்கிறது. அவற்றில் ‘தட’ மட்டும் தடந்தோள், தடக்கை என்று இன்னும் காதில் விழுகிறது.