பதினைந்து பேர் அடிக்கும் ஒரே அடி

வண்டி மேல் ஏற்றி வைத்த பிரம்மாண்டமான முரசு. அதன் முன்னால், நமக்கு முதுகைக் காட்டியபடி, கோவணம் மட்டும் கட்டிய ஒருவர் கால்களை அகட்டி நிற்கிறார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே போகின்றன. கோல் தோலில் விழுந்ததும் அதை முதலில் உணர்வது காதா, நெஞ்சுக்கூடா என்று சொல்வது கடினம். ஜப்பானின் சாடோ தீவைச் சேர்ந்த கோடோ குழுவின் மேடையில் பல்லாண்டுகளாகத் தொடரும் காட்சி இது. முரசின் மறுபக்கம் இன்னொருவர் நின்று, பின்முகத் தோலில் அடித்தளத் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருப்பார். பலரும் அவரைப் பார்க்கவே மாட்டார்கள். முன்னால் நிற்பவர் தாளத்தை விட்டு எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் திரும்பி வர இடம் இருப்பது அவரால்தான்.

ஜப்பானிய முரசை டைக்கோ என்பார்கள். இந்தப் பெரிய முரசுக்கு ஓ-டைக்கோ என்று பெயர். எடை 300 கிலோவுக்கு மேல். ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்தது. பலகைகளை ஒட்டிச் செய்தால் ஒவ்வொரு ஒட்டிலும் அதிர்வு கொஞ்சம் கசியும். குடைந்த மரத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. இந்த வகை முரசுக்கு ஜப்பானில் முதலிடம் கெயாகி மரத்துக்கு. ஆனால் அவ்வளவு பருத்த கெயாகி இப்போது கிடைப்பது அரிது என்பதால், மிகப் பெரிய முரசுகளுக்கு ஆப்பிரிக்காவின் புபிங்கா மரமும் வருகிறது. குடைந்த மரத்தை உடனே முரசாக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வெடித்துவிடும். இஷிகாவா மாகாணத்தில் 1609-ல் தொடங்கிய அசானோ பட்டறை இன்றும் இந்த வேலையைச் செய்கிறது.

தோல் மாட்டும் வேலையைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். ஈரமான மாட்டுத்தோலை முரசின் வாய்மேல் போர்த்தி, சுற்றிலும் கயிறு கட்டி, கீழேயிருந்து முட்டுக்கொடுத்து இறுக்குவார்கள். அப்புறம் ஆட்கள் தோல் மேலேயே ஏறி நின்று மிதிப்பார்கள். தோல் பின்னாளில் எவ்வளவு தளரக்கூடுமோ, அதை அப்போதே தளர்த்தி எடுத்துவிடும் வேலை அது. ஆணி அடித்த பிறகு இந்த முரசுக்குச் சுருதி கூட்ட வழியில்லை. அதனால் எல்லாவற்றையும் ஆணிக்கு முன்பே முடித்தாக வேண்டும்.

சரி, அடி விழுந்ததும் உள்ளே என்ன நடக்கிறது? முன்தோல் உள்ளே அமுங்குகிறது. அது தள்ளும் காற்று பின்தோலை வெளியே தள்ளுகிறது. இரண்டு தோலும் ஒரே திசையில் ஆடினால், நடுவில் இருக்கும் காற்று வெறும் சுமைபோலக் கூடவே போய்வரும். அப்போது ஒலி தாழ்ந்து இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உள்நோக்கி அமுங்கினால் காற்று நசுங்கி வில்சுருள்போல எதிர்த்துத் தள்ளும். அப்போது ஒலி ஏறும். ஆக, யாரும் தொடாத பின்முகமும் ஒவ்வொரு அடியிலும் பேசுகிறது.

எங்கே அடிக்கிறோம் என்பதும் முக்கியம். நடுவில் அடித்தால் தோல் முழுவதும் ஒன்றாக ஏறி இறங்கும். அந்த அசைவு காற்றை நன்றாகத் தள்ளுவதால் தன் ஆற்றலைச் சட்டென்று ஒலியாகக் கொட்டிவிட்டு அடங்கும். காதுக்கு அது 'டொன்' என்ற கனமான ஒரு குத்து. ஓரத்தை நோக்கி நகர நகர, தோலின் ஒரு பாதி ஏறும்போது மறு பாதி இறங்கும் அசைவுகள் கூடும். ஒரு பக்கம் தள்ளிய காற்றை மறுபக்கம் இழுத்துக்கொள்வதால் ஆற்றல் மெதுவாகத்தான் வெளியேறும், ரீங்காரம் நீளும். விளிம்புக் கட்டையைத் தட்டினால் 'கா'. இந்த 'டொன்', 'கா' எல்லாம் நான் கற்பனை செய்த ஒலிக்குறிப்பு இல்லை. டைக்கோ மாணவர்கள் பாடத்தை வாயால் சொல்லிப் பழகும் சொற்களே அவை.

கோலும் தன் பங்குக்கு ஒலியை மாற்றும். மெல்லிய, கடினமான கோல் தோலை ஒரு கணம் தொட்டு எகிறிவிடும். எவ்வளவு குறைந்த நேரம் தொடுகிறதோ அவ்வளவு கூர்மையான ஒலிகள் கிளம்பும். ஓ-டைக்கோவுக்குப் பருத்த, மென்மையான மரக்கோலை எடுப்பது இதனால்தான். அது தோலோடு சற்றுக் கூடுதல் நேரம் ஒட்டி நின்று, கீச்சொலிகளை அமுக்கிவிட்டு, அடியொலியை மட்டும் விடுகிறது.

விநாடிக்கு 50 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், அந்த ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். தூண், ஆள், நாற்காலி எதுவும் அதற்குத் தடையில்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். கைப்பேசியில் டைக்கோ கேட்டுவிட்டு 'என்னமோ தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறதே' என்று நினைப்பவர்கள் முரசைக் குறை சொல்ல வேண்டாம். அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் இவ்வளவு காற்றைத் தள்ள முடியாது, அடியொலி அங்கே வந்து சேரவே இல்லை. அரங்கில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் ஊதிய பலூன் ஒன்றை விரல்நுனியில் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு அடிக்கும் அது துடிக்கும். தாழ்ந்த ஒலி உடலைத் தாண்டிக் கருப்பைக்குள்ளும் போகும், கீச்சொலிகள் வழியிலேயே மங்கிவிடும். கோடோ என்ற சொல்லுக்கே இதயத்துடிப்பு என்று பொருள். வேறு எழுத்துகளில் எழுதினால் 'முரசின் பிள்ளைகள்' என்றும் ஆகும். குழு தன் பெயரை எழுதுவது அந்த இரண்டாவது எழுத்துகளில்.

இதுவரை ஒரு முரசு, ஒரு ஆள். பலர் சேர்ந்து மேடையில் வாசிப்பது, பார்ப்பதற்கு ஆயிரம் வருடப் பழக்கம்போலத் தோன்றினாலும், நம் தாத்தா பாட்டி காலத்தில் பிறந்ததுதான். நாகானோவில் ஜாஸ் டிரம்மராக இருந்த ஓகுச்சி டைஹாச்சி, 1951-ல் ஓசுவா டைக்கோ குழுவைத் தொடங்கினார். ஜாஸில் ஒரே ஆள் பல அளவு டிரம்களை வைத்து வாசிப்பதை அவர் பிரித்துப்போட்டார். பெரியது ஒருவருக்கு, நடுத்தரம் சிலருக்கு, சின்ன ஷிமே-டைக்கோ இன்னொருவருக்கு என்று ஆளுக்கு ஒரு வேலை. இந்த யோசனை பரவியது. 1969-ல் உருவாகிச் சாடோவில் குடியேறிய ஒண்டேகோசா குழு, 1975-ல் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த கையோடு முரசடித்தது. அதில் இருந்தவர்களில் தீவிலேயே தங்கிவிட்டவர்கள் 1981-ல் கோடோ என்ற பெயரில் பெர்லினில் அரங்கேறினார்கள்.

பலர் சேர்ந்ததும் புதிய சிக்கல் ஒன்று வந்துவிடுகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 12 மீட்டர் அகல மேடையின் ஒரு முனையில் விழுந்த அடி மறுமுனைக்குப் போய்ச் சேர 35 மில்லி விநாடி ஆகும். இரண்டு முரசடிகளுக்கு நடுவே 30 மில்லி விநாடி இடைவெளி இருந்தாலே நம் காதுக்கு அது 'டொன்' ஆக இருக்காது, 'ட-டொன்' ஆகிவிடும். அதாவது, பக்கத்து ஆளின் ஒலியைக் காதில் வாங்கி, அதன்பிறகு அடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிந்திவிடுவார்.

அதனால் அவர்கள் கண்ணை நம்புகிறார்கள். கைகளை அவ்வளவு உயரத் தூக்குவது அழகுக்காக என்றே பலரும் நினைக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மேலே போகும் கை ஒரு கடிகாரமும்கூட. எப்போது உச்சிக்குப் போகும், எந்த வேகத்தில் இறங்கும், எப்போது தோலைத் தொடும் என்பதைக் கோல் விழுவதற்கு முன்பே அது எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. அடிகளுக்கு நடுவே வரும் 'ஹா!', 'சோரே!' கூவல்களும் அடுத்த அடியின் இடத்தை முன்கூட்டியே காட்டுகின்றன.

தாளக்கணக்கு பெரும்பாலும் சின்ன ஷிமே-டைக்கோவிடம் இருப்பதற்கும் இயற்பியல் காரணம் உண்டு. 50 அதிர்வு ஒலி ஒருமுறை ஏறி இறங்கவே 20 மில்லி விநாடி ஆகும். அது எப்போது தொடங்கியது என்று காது துல்லியமாகப் பிடிக்க முடியாது. இறுக்கிக் கட்டிய ஷிமேயின் 'டெங்' ஊசி குத்துவதுபோல ஒரே புள்ளியில் இறங்கும். 'ஜி' என்று சொல்லப்படும் அந்த அடித்தளத் தாளத்தின் மேல்தான் மற்றவர்கள் நிற்கிறார்கள்.

கை உயரம்தான் கடிகாரம் என்றால், களைப்பு அந்தக் கடிகாரத்தைக் கெடுத்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்தும் கை அதே உயரத்துக்குப் போக வேண்டும். தோள் தசையை மட்டும் நம்பினால் அது நடக்காது. கால்களை ஊன்றி, இடுப்பிலிருந்து எடை கிளம்பி, கோலின் எதிர்த்துள்ளலை அடுத்த தூக்கலுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். சிச்சிபு ஊர்த் திருவிழாவில் தேருக்குள் இடமில்லாமல் குறுகி உட்கார்ந்து அடித்த தாளம் ஒன்றை, கோடோ கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து, உடலைப் பின்னால் சாய்த்தபடி வாசிப்பார்கள். முதுகு தரையைத் தொடாது. முழுப் பாரமும் வயிற்றுத் தசையில். நீங்களும் ஒரு நிமிடம் அப்படிச் சாய்ந்து கைகளை வீசிப் பாருங்கள், தெரியும்.

கோடோவில் சேர விரும்புபவர்கள் சாடோவில் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் இரண்டு ஆண்டு கூடி வாழ்கிறார்கள். அதிகாலை ஓட்டம், நெல் வயல் வேலை, சமையல். சாப்பிடும் குச்சியையும் முரசடிக்கும் பாச்சிக் கோலையும் தாங்களே செதுக்கிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் வெறும் கட்டுப்பாடு என்று என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்றாக ஓடி, ஒன்றாகத் தின்று, ஒன்றாக மூச்சு வாங்கும் ஆட்களுக்குப் பக்கத்தில் இருப்பவரின் தோள் எப்போது அசையும் என்பது தெரிந்துபோகிறது. 30 மில்லி விநாடியை வேறு எப்படிப் பிடிப்பது?

கோடோ வெகுகாலமாக ஆண்டில் ஒரு பங்கை வெளிநாட்டிலும், ஒரு பங்கை ஜப்பானுக்குள்ளும், ஒரு பங்கைத் தீவிலும் கழித்துவந்த குழு. 50-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது. ஊர் மாறினால் தோலும் மாறும். காற்றில் ஈரம் கூடினால் தோல் நீரை இழுத்து நீண்டு, சுருதி இறங்கும். குளிர்நாட்டின் சூடேற்றிய அரங்கில் காய்ந்து, விறைத்து, சுருதி ஏறும். ஆணி அடித்த முரசை ஒன்றும் செய்ய முடியாது, அன்றைக்கு அது எப்படிப் பேசுகிறதோ அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கயிறு கட்டிய ஷிமேயை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் இரண்டு பேர் சேர்ந்து இழுத்து, கட்டையால் தட்டி, தட்டிக் கேட்டு, மறுபடி இழுத்து இறுக்குவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் தோல் சோர்ந்துவிடாமல் இருக்கக் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். சற்று முன் அரங்கையே அதட்டிய தோலை இப்போது விரலால் தட்டினால் 'தொப்' என்றுதான் சத்தம் வரும். அப்படியே பெட்டிக்குள் போகும், அடுத்த ஊருக்கு.