உங்கள் பங்கில் பதிலுரைப் பாடல் யார் பாடுகிறார்கள்?

"எங்கள் பங்கில் திருப்பலி சரியாகத்தான் நடக்கிறதா, ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்களேன்" என்று ஒரு கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தின், குருவானவரான பங்குத்தந்தையோ பங்குப்பேரவைக்காரர்களோ கூப்பிடும்போது, நான் போனிலேயே கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஞாயிற்றுக்கிழமை பதிலுரைப் பாடல், அதாவது திருப்பலியில் (பூசையில்) முதல் வாசகத்துக்குப் பிறகு வரும் திருப்பாடல், யார் பாடுகிறார்கள்? பாதிப் பேருக்குச் சட்டென்று பதில் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாடகர் குழு ஏதாவது ஒரு தியானப் பாடல் பாடுவாங்க" என்பார்கள். அந்தப் பங்கில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

கோவிலில் இறைவார்த்தை வாசிக்கும் வாசகர்களுக்கும் பாடகர் குழுக்களுக்கும் திருவழிபாட்டுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பயிற்சிக்கு முன்னால் ஒரு ஞாயிறு அந்தப் பங்குக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து திருப்பலியில் பங்கேற்பேன். கையில் கடிகாரம், பையில் ஒரு சின்ன நோட்டு. கோவிலில் எதையும் எழுத மாட்டேன், வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்துதான் எழுதுவேன். இத்தனை வருடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரு விஷயம், மக்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்களும் என் நோட்டில் இருப்பவையும் பெரும்பாலும் ஒத்துப்போவதே இல்லை.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் ஒரு பெரிய வியாழன் முடிந்த மறுநாள் ஒரு பெரியவர் கூப்பிட்டார். "ஃபாதர் பொம்பளைங்க காலையும் கழுவுறார் தம்பி, இது எந்த ஊர் வழக்கம்?" என்று குரலே உடைந்துவிட்டது அவருக்கு. சின்ன வயதிலிருந்து அவர் பார்த்தது பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைத்தான். அவர் வருத்தம் உண்மையானது. ஆனால் 2016 ஜனவரியிலேயே திருத்தந்தை பிரான்சிஸ் விருப்பப்படி அந்த விதி மாறிவிட்டது, பங்கு மக்களில் ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர், நோயாளிகள் என்று எல்லாரிலிருந்தும் ஆட்களைத் தேர்ந்துகொள்ளலாம். அந்தக் குருவானவர் செய்தது புத்தகத்தில் இருப்பதைத்தான். இன்னொருவர், அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கக் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டின் முடிவில் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது ஆரத்தி எடுத்ததை வீடியோ எடுத்து, "இது இந்துக் கோவிலா?" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்தார். மலர், தூபம், தீபம் கொண்டு ஆரத்தி எடுப்பதும், சமாதானம் தெரிவிக்கக் கைகூப்புவதும், மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு வைப்பதும் இந்திய ஆயர்கள் (பிஷப்புகள்) கேட்டு, உரோமை (வத்திக்கான்) 1969 ஏப்ரல் 25 அன்று அனுமதித்த பன்னிரண்டு அம்சங்களில் அடங்கியவை. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எதை எந்த அளவு நடைமுறைப்படுத்துவது என்பது அந்த ஆயர் கையில் இருக்கிறது. ஆக, ஆயர் ஏற்றுக்கொண்ட இடத்தில் ஆரத்தி எடுப்பது திருச்சபைக்குக் கீழ்ப்படிந்து செய்வது.

அதனால் ஒரு பங்கின் வழிபாட்டை எடைபோட உட்காரும் எவரும் முதலில் தன் மனதுக்குள் ஒரு பிரிவினை செய்துகொள்ள வேண்டும். எழுதியபடியே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன: நற்கருணை மன்றாட்டின் சொற்கள், ஞாயிறு வாசகங்கள், 'உன்னதங்களிலே' கீதத்தின் வார்த்தைகள், கோதுமை அப்பம், திராட்சை இரசம். இவற்றில் யாரும் கைவைக்க முடியாது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு 22-ஆம் எண்ணில், குருவாகவே இருந்தாலும் சொந்த அதிகாரத்தில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்று சொல்லிவிட்டது. அடுத்து, புத்தகமே பல வழிகளைத் திறந்துவைத்திருக்கும் இடங்கள். பாவமன்னிப்பு வழிபாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் இருக்கின்றன, நற்கருணை மன்றாட்டுகளும் பல இருக்கின்றன. எந்த ஞாயிறும் இரண்டாம் நற்கருணை மன்றாட்டைத் தவிர வேறொன்றையும் கேட்டிராத பங்குகள் எத்தனையோ! அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது வார நாள்களுக்குப் பொருத்தமானது, ஞாயிறுக்கு மூன்றாவது நல்லது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையே சொல்கிறது. அப்புறம், நம்முடைய சொந்த விருப்பு வெறுப்பு. கீபோர்டு பிடிக்காது, கிதார் பிடிக்காது, ஃபாதரின் குரல் பிடிக்காது, பழைய ஃபாதரைத்தான் பிடிக்கும். எனக்கும் இதெல்லாம் உண்டு. அவற்றை நோட்டில் எழுதுவதில்லை.

சரி, அப்படியானால் நோட்டில் என்னதான் இருக்கும்?

2022 செப்டம்பர் 11, பொதுக்காலம் 24-ஆம் ஞாயிறு. ஆரோக்கிய அன்னை திருவிழா முடிந்து மூன்றாவது நாள், கோவிலில் கொடி இன்னும் இறங்கவில்லை. அன்று முதல் வாசகம் விடுதலைப் பயணம் 32, பொன் கன்றுக்குட்டி செய்த மக்களுக்காக மோசே கடவுளிடம் மன்றாடுகிற பகுதி. நற்செய்தி லூக்கா 15, காணாமற்போன ஆடு, காணாமற்போன காசு, ஊதாரி மகன். இவை இரண்டுக்கும் நடுவே திருச்சபை நமக்குக் கொடுத்திருக்கும் பதிலுரைப் பாடல் திருப்பாடல் 51. அதன் பல்லவியோ திருப்பாடலிலிருந்து எடுத்ததே இல்லை, அந்த இளைய மகன் பன்றித் தொழுவத்தில் உட்கார்ந்து தனக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தை: நான் புறப்பட்டு என் தந்தையிடம் போவேன். யோசித்துப் பாருங்கள், நற்செய்தி வாசிக்கும் முன்பே, அந்த மகன் யார் என்று கேட்கும் முன்பே, கோவிலில் இருக்கும் ஒவ்வொருவர் வாயிலும் அந்த மகனின் வார்த்தையை நான்கைந்து தடவை வைக்கிறது திருச்சபை. அப்புறம் நற்செய்தியில் அதே வார்த்தையைக் கேட்கும்போது, இது நான் சற்றுமுன் பாடியதாயிற்றே என்று ஒரு குடிகாரத் தகப்பனுக்கோ, வீட்டைவிட்டுப் போன மகளின் தாய்க்கோ உள்ளே ஏதோ ஒன்று அசையும்.

அன்று அந்தப் பங்கில் பாடகர் குழு மாதா பாடல் ஒன்றைப் பாடியது. நல்ல பாடல், நன்றாகவும் பாடினார்கள். திருப்பலி முடிந்து கீபோர்டு வாசித்த தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன். "திருவிழா வாரம்தானே சார், மாதா பாட்டு பாடினா நல்லா இருக்கும்னு நினைச்சோம்" என்றார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பதிலுரைப் பாடலின் இடத்தில் வேறு பாடல் பாடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. பாட ஆள் இல்லாவிட்டால் வாசகர் நிறுத்தி நிதானமாக வாசிக்கலாம், மக்கள் பல்லவியைத் திருப்பிச் சொன்னால் போதும். முதல் வாசகத்தில் கடவுள் பேசுகிறார், மக்கள் அவருக்குக் கொடுக்கும் பதில் அது, அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். அந்த இடத்தை எடுத்துவிட்டால் மக்கள் பதில் சொல்லாமலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரிவதும் இல்லை. இதைப் பற்றி இதுவரை ஒரே ஒருவர்கூட என்னிடம் புகார் சொன்னதில்லை.

அடுத்தது மௌனம். இங்கேதான் கடிகாரம். "மன்றாடுவோமாக" என்று குரு சொன்னதும் எத்தனை நொடி இடைவெளி விடுகிறார் என்று எண்ணுவேன். பெரும்பாலும் ஒரு நொடிகூட இருக்காது, அதே மூச்சில் மன்றாட்டு ஆரம்பித்துவிடும். அந்த இடத்தில் எல்லாரும் குருவோடு சேர்ந்து சற்று நேரம் அமைதியாக இருக்க வேண்டும், அவரவர் வேண்டுதலை மனதில் கொண்டுவர வேண்டும், அவற்றையெல்லாம் திரட்டித்தான் குரு திருக்குழும மன்றாட்டாகச் சொல்கிறார். திரட்ட நேரமே கொடுக்காவிட்டால் எதைத் திரட்டுவது? நற்கருணை வாங்கியபின் இருக்க வேண்டிய அமைதியும் இப்படித்தான். கடைசி ஆள் வாங்கிவிட்டுத் திரும்பும்போதே மைக்கில் அறிவிப்பு தொடங்கிவிடும், அன்பியக் கூட்டம், திருவிழா வரி, காணாமல்போன சாவிக்கொத்து. குருவானவர்களை மட்டும் குறை சொல்லி இங்கே பயனில்லை. மூன்று கிளைக் கிராமங்கள், ஞாயிறு மூன்று திருப்பலி, ஒன்று முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் என்று ஓடுகிற ஒருவரிடம், இன்னும் பத்து நொடி நில்லுங்கள் ஃபாதர் என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கும். ஆனாலும் சொல்கிறேன், கேட்கிறவர்கள் பலர் அதைச் செய்தும் பார்க்கிறார்கள்.

'ஆமென்' என்ற ஒரு சொல்லையும் கவனிப்பேன். "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று குரு தொடங்கும்போது நம் பங்குகள் பலவற்றில் மக்களும் சேர்ந்து சொல்வார்கள், பழகிப்போய்விட்டது. ஆர்வத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அது குரு மட்டும் சொல்ல வேண்டிய பகுதி. மக்களுக்கு உரியது அதன் முடிவில் வரும் 'ஆமென்'. நற்கருணை மன்றாட்டு முழுவதற்கும் மக்கள் போடும் கையெழுத்து மாதிரி அது. முழுவதையும் சேர்ந்து சொல்லிவிட்டு வரும்போது அந்த 'ஆமென்' மூச்சு வாங்கும் சத்தம்போல அமுங்கிவிடுகிறது. ஒரு பங்கில் இதை விளக்கிச் சொல்லி, மூன்று முறை 'ஆமென்' என்று பாடப் பழக்கினோம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அதைப் பாடும்போது கையைத் தூக்கினார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பைச் சொல்லாமல் விட முடியாது. 'உன்னதங்களிலே' தொடங்கும்போது விளக்குகள் எரிந்து, புகை கிளம்பி, பட்டாசு வெடித்து, உயிர்த்த ஆண்டவர் சுரூபம் எழும்பும் காட்சிக்காக இளைஞர்கள் ஒரு வாரம் தூங்காமல் வேலை செய்வார்கள். நிறையப் பேர் என்னிடம் அந்தப் பட்டாசைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அது சரியா தவறா என்று. நான் திருப்பிக் கேட்பது, பழைய ஏற்பாட்டிலிருந்து எத்தனை வாசகம் வாசித்தீர்கள் என்று. ஏழு கொடுக்கப்பட்டிருக்கிறது. தக்க காரணம் இருந்தால் குறைக்கலாம், ஆனாலும் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். செங்கடலைக் கடக்கும் வாசகம், விடுதலைப் பயணம் 14, எந்தக் காரணத்துக்காகவும் விடவே கூடாது. நேரம் போதவில்லை என்று அதையே விட்டுவிட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரவில் செங்கடல் இல்லையென்றால் திருமுழுக்குத் தண்ணீருக்கு முன்கதையே இல்லாமல் போய்விடுகிறது.

சின்ன விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. தவக்காலத்தில் பீடத்தில் பூ கூடாது, நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு. காணிக்கைப் பவனியில் கால்பந்தும் லேப்டாப்பும் கொண்டுவந்து விளக்கம் சொல்லிவிட்டுத் திருப்பலி முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போவது காணிக்கை ஆகாது, ஏழைகளுக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுவரலாம். பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைத் திருப்பலியில் பிள்ளைக்கும் பீடத்துக்கும் நடுவே கேமராக்காரர் நிற்பதை எப்படியாவது நிறுத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் என்ன செய்வது? பங்குத்தந்தையிடம் நேரில் போய்ப் பேசுங்கள், ஞாயிறு காலை சாக்ரிஸ்டி வாசலில் பிடித்து நிறுத்தாமல், வார நாளில் ஒரு மாலை நேரம் கேட்டுப் போங்கள். "நீங்கள் செய்வது தவறு ஃபாதர்" என்று தொடங்கினால் கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும். "பதிலுரைப் பாடல் பாட நாலு பிள்ளைகளை நான் தயார் பண்ணட்டுமா ஃபாதர்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் மேலே, நற்கருணை மன்றாட்டையே மாற்றுவது போன்ற கனமான தவறு தொடர்ந்து நடந்து, பேசியும் பயனில்லை என்றால், ஆயரிடம் முறையிட ஒவ்வொரு கத்தோலிக்கருக்கும் உரிமை உண்டு என்று உரோமை வழிபாட்டுப் பேராயம் 2004-இல் வெளியிட்ட ஆவணம் சொல்கிறது. அதை உண்மையோடும் அன்போடும் செய்ய வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. இருபது நொடி வீடியோவை ஊர் முழுக்க அனுப்புவது அந்த உரிமையில் சேராது. ஒரு குருவானவர் அப்படிப்பட்ட ஒரு வீடியோவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மக்களை நிமிர்ந்து பார்க்காமலே பூசை வைத்ததை நான் பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. அந்தந்தத் திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தையே மக்கள் உட்கொள்வது மிகவும் விரும்பத்தக்கது, நற்கருணைப் பேழையில் இருப்பது முதன்மையாகச் சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளிகளுக்கு, அடுத்துதான் ஆராதனைக்கு. ஆனால் பல பங்குகளில் வாரம் ஒருமுறை பெரிய பாத்திரம் நிறைய அர்ச்சித்து வைத்துவிட்டு, எல்லாத் திருப்பலிக்கும் பேழையைத் திறப்பதே பழக்கம். ஒரு பங்கில் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை ஐயாவிடம் இதைச் சொன்னேன். "எத்தனை பேர் வருவாங்கன்னு எப்படித் தம்பி தெரியும்?" என்றார். சரியான கேள்வி. எண்ணித்தான் பார்க்க வேண்டும் ஐயா என்றேன். நான்கு மாதம் கழித்துப் போனபோது, அப்பப் பெட்டி வைக்கும் அலமாரியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் காட்டினார். காலை ஆறு மணி, எட்டரை மணி, மாலை ஐந்தரை என்று கோடு போட்டு, ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை அப்பம் வைத்தார், எத்தனை மிஞ்சியது என்று பென்சிலில் எழுதியிருந்தார். முதல் வாரங்களில் எழுபது, எண்பது மிஞ்சியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஆறு, நான்கு, ஒன்பது. மழை பெய்த ஒரு ஞாயிறுக்கு மட்டும் பக்கத்தில் "மழை" என்று குறித்திருந்தார்.