தூசி நுரையீரலில், தடுமாற்றம் இதயத்தில்

கல் உடைக்கும் தொழிலாளிக்கு இருமல், மூச்சு வாங்கல். நுரையீரல் மருத்துவரோ ஈசிஜி எடுக்கச் சொல்கிறார். நெஞ்சு வலியே இல்லையே, எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

கல், மணல் வேலைகளில் பறக்கும் சிலிகாத் தூசியில் 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்று நுண்ணறை வரை போய்விடும். அங்குள்ள விழுங்கு செல்கள் அவற்றை விழுங்கி, செரிக்க முடியாமல் செத்துப்போகும். வெளியே விழுந்த அதே துகளை அடுத்த செல் விழுங்கும். அழற்சி ஓயாமல், கடைசியில் தழும்பாகிவிடும். இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் இது வளரக்கூடும்.

சரி, இதயம் எங்கே வந்தது? ஆக்சிஜன் குறைந்தால் உடலின் மற்ற இடங்களில் ரத்தக்குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். 1946இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் காட்டினார்கள். எத்தனை அழகான ஏற்பாடு! காற்று வராத மூலைக்கு ரத்தம் போய் என்ன பயன்? மடையை அடைத்துத் தண்ணீரை வேறு பாத்திக்குத் திருப்புவதுபோல, காற்றுள்ள பகுதிக்கு ரத்தம் திரும்பிவிடுகிறது. நுரையீரலில் ஒரு பகுதி மட்டும் கெட்டால் இது உயிர் காக்கும். நுரையீரல் முழுக்கக் கெட்டால்? எல்லா மடையும் ஒரே நேரத்தில் அடைபடும். போதாததற்குத் தழும்பும் குழாய்களை நெரிக்கும். குழாய்களில் அழுத்தம் ஏறிவிடும்.

நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் சாதாரணமாக 14 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும். 20ஐத் தாண்டினால் நோய். இந்தத் தமனிக்கு ரத்தம் தள்ளுவது இதயத்தின் வலது கீழறை. குறைந்த அழுத்தத்துக்கென்றே அமைந்த அது திணறித் தடிக்கும், வலது மேலறை வீங்கும். ஈசிஜியில் மேலறையின் மின் துடிப்பைக் காட்டும் பி அலை 2.5 மி.மீ.க்கு மேல் கூர்மையாக எழும்பியிருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது இதற்காகத்தான். இழுபட்ட சுவரில் மின் அலை ஒரே சீராகப் போகாது. ஒரு பக்கம் தாமதித்து, வளைந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி, அதை மறுபடி தூண்டிவிடும். அப்புறம் அந்தச் சுழல் தானாகவே ஓடும். மேலறை படபடப்பு, மேலறை நடுக்கம் போன்ற துடிப்புக் கோளாறுகள் இப்படித் தொடங்கலாம். மூச்சுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால், தியோபிலின் மருந்துகளும் சிலருக்குத் துடிப்பை முடுக்கிவிடும்.

நுரையீரல் தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வெட்டும் இடத்திலேயே தண்ணீர் பாய்ச்சித் தூசியை அடக்குவது எப்போதோ தெரிந்த வழி. அதற்குச் செலவழிக்கத் தயங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நுரையீரல் நோயாளிகளுக்கு வரும் இன்னொரு வகைத் துடிப்புக் கோளாறில், மேலறையில் பல இடங்கள் ஆளுக்கொரு பக்கமாகத் துடிப்பைக் கிளப்பும். மின் அதிர்ச்சி கொடுத்தாலும் அது அடங்காது. ஆக்சிஜனையும் நுரையீரலையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.