டர்போ காருக்கு எந்த பிளைவீல்?

திருகோணமலைக் கராஜில் பழைய ஸ்டார்லெட் கிளான்சா போன்ற 1.3 லீட்டர் டர்போ கார் ஒன்று வந்து நின்றால், "பிளைவீலைச் சீவிவிடுவமா?" என்ற பேச்சும் கூடவே வரும். பிளைவீல் என்பது இஞ்சினின் பின்பக்கம் அதோடு சேர்ந்து சுழலும் கனத்த உலோகத் தட்டு; கிளச் அதன் முகத்தில்தான் உரசும். எடை குறைந்தால் கார் சுறுசுறுப்பாகும் என்பது சரிதான். ஆனால் எந்தக் கியரில் என்று பார்க்க வேண்டும்.

அச்சிலிருந்து 10 செ.மீ தள்ளி 3 கிலோ உலோகத்தைக் குறைக்கிறோம் என்று வையுங்கள். சில்லின் ஆரை 30 செ.மீ. முதல் கியரின் மொத்த விகிதம் 13 என்றால், அதாவது சில்லு ஒரு தடவை சுற்ற இஞ்சின் 13 தடவை சுற்றினால், காரிலிருந்து 55 கிலோ அளவு இறக்கிய பலன் கிடைக்கும். விகிதத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால்தான் இவ்வளவு. ஐந்தாம் கியரில் விகிதம் 3.5 ஆகும்போது பலன் வெறும் 4 கிலோ. ஹபரணை வீதியில் நேராக ஓடும்போது ஒரு மாற்றமும் தெரியாது.

டர்போ என்பது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. இஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும்போது அதன் அழுத்தம் ஏறாது. அந்த நேரம் காரைக் கிளப்புவதில் பிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சிச் சக்திக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மிகவும் இலேசாக்கினால், கோணேசர் கோயில் ஏற்றத்தில் மானுக்கு நின்று திரும்ப எடுக்கும்போது இஞ்சின் லேசில் நின்றுவிடும்.

இனி உலோகம். 28 செ.மீ விட்டமுள்ள பிளைவீல் நிமிடத்துக்கு 7000 சுற்றில் சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 370 கி.மீ வேகத்தில் போகிறது. சுற்று இரட்டித்தால் உலோகத்தை உள்ளிருந்து பிய்க்கப் பார்க்கும் தகைப்பு நான்கு மடங்காகும். சாதாரண வார்ப்பிரும்புக்குள் காரீயத் (கிராபைட்) தகடுகள் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஏற்கெனவே கீறிவைத்த வெடிப்பு மாதிரி. கிளச் வழுக்கிச் சூடேறும்போது அங்கிருந்தே பிளவு ஓடும். அதையே கடைசல் பட்டறையில் இன்னும் மெலியச் சீவினால், உடைந்த துண்டு கிளச்சைச் சூழ்ந்த கூட்டைத் துளைத்து ஓட்டுபவரின் கால் பக்கம் வரலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றிலொரு பங்குதான், சூட்டையும் நன்றாகக் கடத்தும். ஆனால் மென்மையானது, கிளச் உரசும் முகத்துக்கு உருக்குத் தகடு பொருத்த வேண்டும். சூட்டில் உருக்கை விட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ரேஸுக்கு நல்லது.

வீதியில் ஓடும் டர்போ காருக்கு என் தெரிவு, அடித்து உருவாக்கிய குரோம்-மொலிப்டினம் உருக்கு. பலம் வார்ப்பிரும்பைப் போலப் பல மடங்கு. எடையைக் கொஞ்சம் மட்டும் குறைத்த ஒன்றை எடுத்து, பிளைவீலில் பூட்டும் கிளச் மூடியோடு சேர்த்துச் சமநிலை பார்த்த பிறகு பூட்டுங்கள்.