கேம்: விளையாட்டா, வேட்டையா?

அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கானெலின் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' சிறுகதையைப் பாடமாகப் படிக்கிறவர்கள், தலைப்பை 'மிக ஆபத்தான விளையாட்டு' என்று தமிழாக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். அது பாதிதான் சரி. 1924 ஜனவரியில் கோலியர்ஸ் இதழில் வெளியான இந்தக் கதையின் முடிச்சு, 'கேம்' என்ற சொல்லின் மற்றொரு பொருளில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இது 'கமென்'. களிப்பு, கேளிக்கை என்பது முதற்பொருள். இடைக்கால இங்கிலாந்தின் அரசர்க்கும் பிரபுக்களுக்கும் வேட்டையே பெரிய கேளிக்கை. அதனால் சொல் வேட்டையைக் குறித்தது. பிறகு வேட்டையில் விழும் மானையும் பறவையையும் குறித்தது. எல்லா உயிரும் 'கேம்' ஆகிவிடாது. வயலில் அடிபடும் எலிக்கு அந்தத் தகுதி கிடையாது. எது கேம், அதை யார் கொல்லலாம் என்பதையெல்லாம் சட்டம் வகுத்தது. 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் வரும் நிலம் இருந்தால்தான் பெரும்பாலும் அந்த உரிமை. கதையில் தனித் தீவில் வாழும் வேட்டை வெறியன் ஜெனரல் ஜாராஃபின் மேட்டிமைத் திமிருக்கு வேர் இங்கேதான்.

யானை, சிங்கம், புலி போன்றவை 'பிக் கேம்'. கதை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1909-10இல், முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் ஆப்பிரிக்காவில் 512 விலங்குகளைச் சுட்டார்கள். அது அன்று பெருமைக்குரிய செய்தி. இந்தச் சொல் நம் பக்கமும் வந்தது: 1879இல் நீலகிரிக்கென்றே 'கேம்' பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் 'பிக் கேம்', 'ஸ்மால் கேம்' என்று உரிமம் பிரித்திருந்தார்கள். 1991 திருத்தத்தோடு அது போயிற்று.

இப்போது கதையின் இரவு உணவுக் காட்சியைப் பாருங்கள். சுவரில் ஆப்பிரிக்கக் காட்டெருமையின் தலை. பிக் கேமில் மிக ஆபத்தானது அதுதான் என்கிறான், ஜாராஃபின் தீவில் கரையொதுங்கிய வேட்டைக்காரன் ரெயின்ஸ்ஃபோர்டு. இல்லை என்று மறுக்கிறான் ஜாராஃப். அதைவிட ஆபத்தான கேமைத் தன் தீவில் வேட்டையாடுவதாகச் சொல்கிறான். ரெயின்ஸ்ஃபோர்டு புலியா என்று யோசிக்க, ஜாராஃப் சொல்வதோ மனிதனை. இந்த இடத்தில் 'விளையாட்டு' என்று போட்டால் உரையாடலே குழம்பிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இரை' பொருந்தாது. இரை என்றால் பசி வேண்டும். ஜாராஃபுக்கு இருப்பது சலிப்பு. 'வேட்டை விலங்கு' துல்லியம், ஆனால் களிப்பு கழன்றுவிடுகிறது. மனிதன் என்கிற திருப்பமும் முன்கூட்டியே அடைபட்டுப்போகிறது. என் தேர்வு 'வேட்டை'தான். "இன்னைக்கு நல்ல வேட்டை" என்று பேச்சில் சொல்லும்போது செயலோடு கிடைத்த பொருளையும் சேர்த்தே சொல்கிறோம். வேட்டைக்கும் வேட்கைக்கும் வேர் ஒன்றே என்பாரும் உண்டு. கேளிக்கையும் விட்டுப்போகவில்லை: விளையாடுகிற 'ஆடு'தானே வேட்டையாடுவதிலும் இருக்கிறது? முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைக் குறிவைத்துத் தவறிய வேல் இனிது என்கிறது குறள் (772). ஆபத்தான வேட்டையில்தான் பெருமை என்ற எண்ணத்தை இங்கும் காணலாம். குறள் அதைப் படைவீரனுக்குச் சொன்னது, ஜாராஃப் கப்பல் கவிழ்த்து ஆள் பிடிக்கிறான்.

ஆகவே தலைப்புக்கு 'ஆபத்து மிகுந்த வேட்டை' போதும். கப்பல் காட்சியில் ரெயின்ஸ்ஃபோர்டு உலகத்தையே இரண்டாகப் பிரிக்கும் 'ஹன்டர்', 'ஹன்டீ' என்ற சோடிக்கு 'வேட்டையாடுபவர்', 'வேட்டையாடப்படுபவர்' என்று எழுதலாம். இரண்டாவது நாக்கில் இடறும். அதற்காக 'பலி' என்று சுருக்கிவிட வேண்டாம். கடைசிவரை ஓடுகிற ரெயின்ஸ்ஃபோர்டு பலியாவதில்லை.